ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் பழைய மீட்டர்களும்: ஹாட் ராடில் எட்டு ஆண்டுகள்

கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கார் உதிரிபாகச் சந்தை கூடும். ஸ்வாப் மீட் என்பார்கள். இருட்டோடு போனால்தான் நல்ல சாமான் கண்ணில் படும். நான் போகும்போது கையில் டார்ச், தோளில் ஒரு ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர். பழைய டெம்பரேச்சர் மீட்டர் கிடைத்தால் அதன் பல்பை, அதாவது எஞ்சினின் சூட்டை உணரும் முனையை, ஃபிளாஸ்க்குக்குள் விட்டுப் பார்ப்பேன். முள் எழுந்தால் ஒரு விலை, எழாவிட்டால் வேறு விலை. முதல் தடவை செய்தபோது கடைக்காரர் விநோதமாகப் பார்த்தார். இப்போது சிலர் என்னைக் கண்டதுமே மீட்டரை எடுத்து நீட்டுகிறார்கள்.

என் கார் ஒரு ஹாட் ராடு, அதாவது வேகத்துக்காக வேறு பெரிய எஞ்சின் போட்டு மாற்றிய பழைய கார். 1929 ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டர், திறந்த வகை. உள்ளே இருப்பது 1946-48 காலத்து 59ஏபி ஃபிளாட்ஹெட் வி8, ஃபோர்டின் எட்டு சிலிண்டர் எஞ்சின். 239 கன அங்குலம், 100 குதிரைத்திறன். வாங்கி எட்டு வருடம் ஆகிறது. வாங்கும்போது டாஷ்போர்டில் எண்பதுகளின் பிளாஸ்டிக் மீட்டர்கள் இருந்தன. நன்றாகத்தான் வேலை செய்தன, ஆனால் அந்தக் காரின் முகத்துக்கு ஒட்டவே இல்லை. இரண்டு வருடத்தில் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, பழைய ஸ்டூவர்ட்-வார்னர் மீட்டர்களைத் தேடிப்பிடித்துச் சரிசெய்து மாட்டினேன். அதற்குப் பிறகு ஆறு வருடம் ஓட்டியிருக்கிறேன். எது நிலைத்தது, எது கைவிட்டது என்று சொல்லும் அளவுக்கு இப்போது தெரியும்.

ஏன் அந்தக் கம்பெனி என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. மாடல் ஏ தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதில் ஸ்பீடோமீட்டர், அம்மீட்டர், பெட்ரோல் முள் மட்டும்தான். ஆயில் பிரஷர் காட்டவும் ஒன்றுமில்லை, தண்ணீர்ச் சூடு காட்டவும் ஒன்றுமில்லை. 40 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது போதும். அதே உடம்பில் வி8 எஞ்சினை இறக்கி, எல் மிராஜ் போன்ற காய்ந்த ஏரிப் படுகைகளில் விரட்டிய பையன்களுக்குப் போதவில்லை. ஆயில் பிரஷர் விழுந்தது தெரியாமல் இன்னும் கொஞ்ச தூரம் மிதித்தால் பேரிங் போய்விடும். சிகாகோவின் ஸ்டூவர்ட்-வார்னர் அப்போது லாரி, டிராக்டர், படகு, தீயணைப்பு வண்டி என்று எல்லாவற்றுக்கும் மீட்டர் செய்துகொண்டிருந்தது. கடையில் கைநீட்டினால் கிடைத்தது அதுதான். வளைந்த கண்ணாடியும் பிறை முள்ளும் ஹாட் ராடின் அடையாளமாகிப் போனது அப்புறம்.

வாங்குபவர்களுக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. 'ஹாட் ராடுக்கு' என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கும் மேசையில் கேட்கும் விலை ஒன்று. அதே வகை மீட்டர் பழைய தீயணைப்பு வண்டியின் பேனலிலோ படகின் டாஷிலோ இருந்தால் பாதி விலைகூட வராது. என்னுடைய ஆயில் பிரஷர் மீட்டர் ஒரு தீயணைப்பு வண்டியிலிருந்து வந்தது. அந்த வண்டிகள் பெரும்பாலும் கூரைக்கடியில் நின்றே காலம் கழித்தவை. அதனால் டயல் வெயிலில் வெளுக்காமல் இருக்கும்.

சரி, மீட்டரைத் திறக்கும் வேலைக்கு வருகிறேன். முன்பக்க குரோம் வளையம் பின்பக்கம் மடித்து நெரிக்கப்பட்டிருக்கும். முனை மழுக்கிய சின்ன ஸ்க்ரூடிரைவரை அந்த மடிப்புக்குள் கொடுத்து, ஒரு தலைமுடி அளவு தூக்க வேண்டும். அடுத்த அரை அங்குலம் தள்ளி மறுபடி அதே அளவு. இப்படியே முழு வட்டமும் சுற்றி வந்து, மறுபடி முதலிலிருந்து. ஐந்தாறு சுற்றில்தான் வளையம் கழன்று வரும். ஒரே இடத்தில் நெம்பினால் பித்தளை கிழியும், அல்லது கண்ணாடி விரியும். கண்ணாடி போனால் பதற வேண்டாம். சுவர்க் கடிகாரங்களுக்கு விற்கும் குமிழ்க் கண்ணாடி பல அளவுகளில் கிடைக்கிறது, விட்டத்தைச் சரியாக அளந்து வாங்கினால் பொருந்தும்.

டயலைத் தொடாதீர்கள். இதை எழுதும்போதே எனக்கு வலிக்கிறது. முதல் மீட்டரில் தூசி படிந்திருக்கிறதே என்று பஞ்சுக் குச்சியை லேசாக ஈரப்படுத்தி ஒரே ஒரு தடவை இழுத்தேன். 60 என்ற எண்ணின் பாதி பஞ்சோடு வந்துவிட்டது. எழுபது வருடம் பிழைத்திருந்த அச்சு, ஒரு சொட்டு ஈரத்தில் போயிற்று. அன்று முதல் ஓவியம் வரைகிற மென்மயிர்த் தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு சரி. மஞ்சளாகிப்போன டயல் மஞ்சளாகவே இருக்கட்டும்.

இப்போது டெம்பரேச்சர் மீட்டர். பழைய மீட்டர்களிலேயே அதிகமாகச் செத்துக் கிடப்பது இதுதான், சரிசெய்தால் அதிக மகிழ்ச்சி தருவதும் இதுதான். எஞ்சினில் செருகும் பல்புக்குள் கொஞ்சம் ஈதர். அதிலிருந்து தலைமுடிக் கனத் துளையுள்ள ஒரு நீளச் செம்புக் குழாய் மீட்டர் வரை வரும். மீட்டருக்குள் வளைந்த பூர்டோன் குழாய். தண்ணீர் சூடாக ஆக ஈதர் ஆவியின் அழுத்தம் ஏறும், வளைந்த குழாய் நிமிரப் பார்க்கும், அது முள்ளைத் தள்ளும். மின்சாரம் எதுவும் வேண்டாம். செம்புக் குழாய் எங்காவது ஒடிந்தால் ஈதர் பறந்துவிடும், முள் அடியிலேயே கிடக்கும். ஒரு விற்பனையாளர் குழாயை அழகாகச் சுருட்டி டேப் போட்டுக் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அவிழ்த்தால் சுருளின் நடுவே வெட்டுப்பட்டிருந்தது. ஃபிளாஸ்க் பழக்கம் அதிலிருந்து வந்ததுதான்.

சரிசெய்வதற்கு, இப்போது கடையில் விற்கும் மலிவான மெக்கானிக்கல் டெம்பரேச்சர் மீட்டர் ஒன்று வேண்டும், அதிலிருந்து பல்பும் குழாயும் எடுத்துக்கொள்ள. அகலமான பாத்திரத்தில் நொறுக்கிய ஐஸ், அதன்மேல் கல் உப்பை அள்ளிப்போட்டு, புது மீட்டரின் பல்பை அதற்குள் முழுசாகப் புதைத்து அரை மணி நேரம் விட்டுவிடுவேன். ஈதர் சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் பொருள். தண்ணீரின் உறைநிலைக்கும் கீழே போனால் அதன் ஆவி அழுத்தம் மிகவும் இறங்கிவிடும், வெட்டினாலும் சீறி வெளியே வராது. பிறகு இரண்டு குழாய்களையும் வெட்டி, முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, இரண்டையும் ஒரு குட்டிப் பித்தளைக் குழாய்க்குள் எதிரெதிராகச் செருகி ஈயம் பற்றவைக்க வேண்டும். ஈயம் துளைக்குள் ஓடி அடைத்துவிடக் கூடாது. இது முடியும்வரை பல்பு ஐஸை விட்டு வெளியே வரவே கூடாது. ஈதர் எளிதில் தீப்பிடிக்கும். அதனால் இந்த வேலை திறந்த வெளியில் மட்டும், சால்டரிங் அயர்ன் மட்டும், நெருப்புச் சுடர் அறவே கூடாது.

நான் முதலில் செய்தது மூன்று நாளில் கசிந்துபோனது. இரண்டாவது ஆறு வருடமாக ஓடுகிறது. செய்து முடித்ததும் அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து பல்பை அதில் தொங்கவிட்டேன். முள் 212 ஃபாரன்ஹீட்டில் நிற்க வேண்டும், 205-இல் நின்றது. முள்ளை மெதுவாகக் கழற்றி 212-க்கு நேராக வைத்து அழுத்தினேன். நான் கடலோரத்தில் இருப்பதால் 212. டென்வர் உயரத்தில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் சுமார் 202-இலேயே கொதித்துவிடும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்த மீட்டர் என் எஞ்சினைக் காப்பாற்றியது என்று சொல்ல ஆசை. முழு உண்மை அப்படி இல்லை. ஃபிளாட்ஹெட்டில் புகை வெளியேறும் வழி எஞ்சின் பிளாக்குக்குள்ளேயே, தண்ணீர் ஓடும் அறைகளுக்கு நடுவே போகிறது. அதனால் சூடு இந்த எஞ்சினின் பிறவிக் குணம். அது போக, இடது வலது இரண்டு பக்கத்துக்கும் தனித்தனித் தண்ணீர் பம்பு, தனித்தனி தெர்மோஸ்டாட். நான் மீட்டர் போட்டிருந்தது இடது பக்கம் மட்டும். ஒரு ஜூலை மாதம் கஹோன் கணவாய் ஏறும்போது இடது முள் 190-இல் அசையாமல் நின்றது. வலது பக்கத்திலிருந்து ஆவி வந்தது. மீட்டர் பொய் சொல்லவில்லை. நான் கேட்காத பக்கத்தைப் பற்றி அது எப்படிச் சொல்லும்? பழைய ஹாட் ராடு படங்களில் ஒரே மாதிரி இரண்டு டெம்பரேச்சர் மீட்டர் இருப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. இப்போது என் காரிலும் இரண்டு. பக்கத்தில் உட்காரும் என் மகள் வலது மீட்டரைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். "அப்பா, உங்க பக்கம் எவ்வளவு? என் பக்கம் பத்து ஜாஸ்தி" என்பாள். பத்து டிகிரி வித்தியாசம் இருந்தால் ஓட்டிக்கொண்டே இருப்பேன், இருபதானால் ஓரம்கட்டுவேன்.

ஆயில் பிரஷர் மீட்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அவ்வளவு நல்லது. அதுவும் பூர்டோன் குழாய்தான், எஞ்சின் ஆயிலே நேராக மீட்டர் வரை வருகிறது. காற்று பம்பில் வைத்து இன்னொரு நல்ல மீட்டரோடு ஒப்பிட்டேன், 40 பவுண்டில் இரண்டு பவுண்டு வித்தியாசம். ஆறு வருடத்தில் தொந்தரவு தந்தது செம்புக் குழாய் மட்டும். எஞ்சின் அதிர்வில் செம்பு இறுகி ஒடியும், ஒடிந்தால் சூடான ஆயில் காலில் கொட்டும். எஞ்சின் பக்கத்தில் குழாயை இரண்டு மூன்று சுற்றுச் சுருளாக விட்டால் அதிர்வை அது வாங்கிக்கொள்ளும்.

அம்மீட்டரை எடுத்துவிட்டேன். வருத்தத்தோடுதான். பழைய ஆறு வோல்ட் ஜெனரேட்டர் காலத்தில் 30 ஆம்பியர் அளவு போதும். நான் 12 வோல்ட் ஆல்டர்னேட்டருக்கு மாறியிருந்தேன். ஸ்டார்ட்டர் தவிர காரின் மொத்த மின்சாரமும் டாஷுக்குப் பின்னால் அம்மீட்டரில் உள்ள இரண்டு நட்டு வழியாகத்தான் போனது. ஓர் இரவு ரப்பர் கருகும் வாசனை. நிறுத்திப் பார்த்தால் ஒரு நட்டு தளர்ந்து, வயரின் மேலுறை உருகியிருந்தது. இப்போது அந்த இடத்தில் அதே காலத்துத் தோற்றமுள்ள வோல்ட்மீட்டர். மெக்கானிக்கல் மீட்டர்களுக்கு ஆறு வோல்ட்டா பன்னிரண்டா என்ற கவலையே கிடையாது, விளக்கு பல்பை மட்டும் மாற்றினால் போதும்.

பெட்ரோல் மீட்டரில் பலர் ஏமாறுவது டேங்கில் இருக்கும் சென்டரால் (sender), அதாவது பெட்ரோல் மட்டத்தை மின்தடையாக மாற்றி மீட்டருக்குச் சொல்லும் கருவியால். ஸ்டூவர்ட்-வார்னருக்கு காலி டேங்க் என்றால் 240 ஓம், நிறைந்தால் 33. பழைய ஃபோர்டு சென்டர் காலிக்கு 73, நிறைவுக்கு 10. ஸ்டூவர்ட்-வார்னர் மீட்டரோடு ஃபோர்டு சென்டரை மாட்டினால் காலி டேங்கிலும் முள் பாதிக்கு மேலே நிற்கும். மீட்டரைக் குறை சொல்லுமுன் ஓம் அளந்து பாருங்கள்.

ஸ்பீடோமீட்டரை மட்டும் நான் திறக்கவில்லை. சுழலும் காந்தம், அது இழுக்கும் அலுமினியக் கிண்ணம், பிடித்து நிறுத்தும் மயிரிழைச் சுருள்வில். அதற்கு வாட்ச் ரிப்பேர்காரரின் கை வேண்டும். ஓடிய மைல் கணக்கைக் காட்டும் ஓடோமீட்டரின் துத்தநாக வார்ப்புப் பற்சக்கரங்கள் வேறு, வயதாகி வெடித்துப் பொடியாகும். பணம் கொடுத்து வேலை தெரிந்தவரிடம் செய்துகொண்டேன். என் தப்பு ஒன்று: கேபிளுக்குத் தாராளமாக கிரீஸ் தடவினேன். அது மெல்ல மேலே ஏறி மீட்டருக்குள் புகுந்து, முள் நிஜ வேகத்தைவிட அதிகம் காட்டத் தொடங்கியது. கீழ்ப் பக்கம் மட்டும் மெல்லிசாகத் தடவினால் போதும். இந்த மீட்டர்கள் ஒரு மைலுக்குக் கேபிள் 1,000 சுற்றுச் சுற்றும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. டயர் அளவோ பின் ஆக்ஸில் பல் கணக்கோ மாறினால் ஸ்பீடு தப்பும். அதற்கென்று சின்ன கியர் பெட்டி விற்கிறார்கள், கேபிளுக்கு நடுவே மாட்டலாம். ஃபோனின் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டேன், இப்போது 60-க்கு 61 காட்டுகிறது.

ஒரு எச்சரிக்கை, இதைத் தவறாமல் படியுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவ விமானங்களின் மீட்டர்கள் மலிவாக விற்பனைக்கு வந்தன, பல ஹாட் ராடுகளில் அவை ஏறின. அவற்றின் எண்களில் இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசியது பெரும்பாலும் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள். இன்று அவை ஒளிராது, ஏனென்றால் கூடக் கலந்த துத்தநாக சல்ஃபைடு செத்துவிட்டது. ரேடியம் சாகவில்லை, அதன் அரை ஆயுள் 1,600 வருடம். பழுப்பேறிய, தடித்த பூச்சுள்ள எண்களைப் பார்த்தால் கதிரியக்கம் அளக்கும் கைகர் கவுண்டர் இல்லாமல் திறக்கவே திறக்காதீர்கள். உதிரும் பொடி மூச்சில் போனால் உடம்பை விட்டு எளிதில் போகாது. நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒன்று கவுண்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோனதுமே படபடவென்று அடித்தது. கண்ணாடியைத் திறக்காமல் டப்பாவில் மூடி, மாநிலக் கதிரியக்கப் பிரிவிடம் கேட்டு, அவர்கள் சொன்னபடி ஒப்படைத்தேன்.

இப்போது டாஷில் காலியாக இருப்பது ஓர் ஓட்டை மட்டும், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் டேக்கோமீட்டருக்கு. சன் என்ற கம்பெனியின் பழைய டேக்கோமீட்டர் ஒன்று கிடைத்திருக்கிறது, அதோடு வர வேண்டிய டிரான்ஸ்மிட்டர் பெட்டி இல்லை. அந்தப் பெட்டி மெர்க்குரி பேட்டரியில் ஓடியது. அந்த பேட்டரி இன்று விற்பனையில் இல்லை, ஆகவே பெட்டி கிடைத்தாலும் உள்ளே மாற்று ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். போமோனா சந்தைக்கு அடுத்த முறை போகும்போது அதைத்தான் தேடப்போகிறேன். மகளும் வருகிறாள், ஃபிளாஸ்க் அவள் தோளில்.