விலங்குவதைப் படமும் ஒரு கரிச்சித்திரப் பெட்டியும்: பயிற்சிப் படத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஓவிய வகுப்பு மாணவி ஒருவர், விலங்குவதையைப் பற்றி வரையவிருக்கும் பெரிய படத்துக்கு முன்னோட்டமாக ஏ3 தாளில் ஒரு பயிற்சிப் படத்தை முடித்துக் கொண்டுவந்து, இதே பெட்டியிலுள்ள பொருள்களை வைத்து இறுதிப் படத்தையும் தொடங்கலாமா என்று கேட்டார். ஓவியப் பொருள் கடைகளில் தொடக்க நிலையினருக்கென்று விற்கப்படும் கரிச்சித்திரப் பெட்டி அது: வில்லோ மரக் கரிக்குச்சிகள், அழுத்தப்பட்ட கரிக்கட்டைகள், வெள்ளைச் சாக் பென்சில், சிவப்புச் சாக், பிசையும் அழிப்பான், தேய்ப்பதற்கான தாள் சுருள், சாம்பல் நிறத் தாள்கட்டு ஆகியவை அதில் இருக்கின்றன. ஒரு பெட்டியின் தரத்தை ஆப்பிளையும் கூஜாவையும் வரைந்து பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் வலியில் இருக்கும் ஓர் உயிரை வரையும்போதுதான் அதன் பலமும் பலவீனமும் முழுமையாகத் தெரிகின்றன என்பதால், அந்தப் படத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

படத்தில் இருப்பது ஆற்று மணல் ஏற்றிய டயர் வண்டி. கரையேறும் சரிவில் இரண்டு காளைகள் முன்னங்கால்களை அகட்டி ஊன்றி நிற்கின்றன. இருசக்கர வண்டியில் பாரம் பின்பக்கம் சாய்ந்தால் நுகத்தடி மேலெழுந்து, கழுத்தை நுகத்தோடு பிணைக்கும் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பக்கம் சாய்ந்தால் அதே பாரம் கழுத்தின்மேல் அழுந்தும். சரிவில் ஏறும் வண்டிக்கு முதலாவதுதான் நேரும் என்பதைக் கவனித்து, நுகம் திமிலை விட்டுச் சற்று உயர்ந்திருப்பதாக மாணவி வரைந்திருப்பது இந்தப் பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி. வதையைக் காட்டச் சாட்டையை ஓங்கிய கை ஒன்றைத்தான் பலரும் முதலில் வரைவார்கள். இந்தப் படத்தில் அந்தக் கை இல்லை. கயிறும் பாரமும் சரிவுமே அந்த வேலையைச் செய்கின்றன.

காளைகளின் உடலுக்கு வில்லோ கரி மிகவும் பொருந்தியிருக்கிறது. பசை எதுவும் சேராமல் சுட்டெடுத்த குச்சி என்பதால் அது தாளில் லேசாகப் படிகிறது. விரலால் துடைத்தால் விலகுகிறது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களையும் தோலின் மடிப்புகளையும் அலைதாடியின் தொய்வையும் கூட்டியும் குறைத்தும் தேடிக் கண்டடைய இடம் கொடுக்கிறது. பயிற்சிப் படத்துக்கு இதைவிட நல்ல பொருளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிசையும் அழிப்பானும் நன்றாக உழைத்திருக்கிறது; வியர்வையில் மின்னும் தோளின் ஒளியை அது தாளிலிருந்து சுத்தமாக எடுத்துக் கொடுத்திருக்கிறது.

அழுத்தப்பட்ட கரியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. பசை சேர்ந்திருப்பதால் அதன் கருமை ஆழமானது. அதனாலேயே அழிப்பானுக்கு எளிதில் பணியாது. வண்டியின் அடியிலும் காளைகளின் வயிற்றுக்குக் கீழும் விழும் நண்பகல் நிழலுக்கு அந்தக் கருமை தேவைதான். ஆனால் அதே கட்டையால் பூட்டாங்கயிற்றையும் இழுத்ததால், கயிறு கழுத்தின் நிழலோடு கலந்து காணாமல் போயிருக்கிறது. மொத்தப் படமும் அந்தக் கயிற்றில்தான் தொங்குகிறது. அது தெரியாவிட்டால் பார்ப்பவருக்கு இரண்டு களைத்த மாடுகள் மட்டுமே மிஞ்சும். கட்டையான முனையால் மெல்லிய கோடு வராது என்பது பெட்டியின் குறையே. இதற்குத் தனியாகக் கரிப் பென்சில் வாங்க வேண்டும். என் கையிருப்பில் இருந்த ஃபேபர் காஸ்டெல் பிட் கரிப் பென்சிலில் கடினமான வகையைக் கொடுத்து ஓரத்தில் கயிற்றை மட்டும் வரையச் சொன்னேன். முறுக்கின் ஒவ்வொரு இழையும் தனித்து நின்றது.

சிவப்புச் சாக்கை இறுதிப் படத்தில் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பயிற்சிப் படத்தில் கழுத்துப் புண்ணுக்கு அதைப் பூசியிருக்கிறார். சாம்பலும் கருப்புமான தாளில் ஒரே ஒரு சிவப்பு என்பதால் கண் நேராக அங்கே போய், ஒரு கணம் அதிர்ந்து, உடனே வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. நுகம் உராய்ந்து உண்டாகும் புண் பெரும்பாலும் குருதி வழியும் காயமாக இருப்பதில்லை. மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, அதன்மேல் மீண்டும் மீண்டும் உராய்வு பட்டுப் பட்டு உண்டாவது அது. கரியின் சொரசொரப்பே அதை உண்மையாகச் சொல்லிவிடும். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, அடிப்பதையும் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதையும் மட்டுமல்லாமல், நோயினாலோ புண்ணினாலோ முதுமையினாலோ வேலைக்குத் தகுதியற்றுப் போன விலங்கை வேலையில் பூட்டுவதையும் குற்றம் என்கிறது. ஆகவே அந்தப் புண்தான் படத்தின் சாட்சியம். அதை மிகைப்படுத்தினால் சாட்சியத்தின் மதிப்பு குறைந்துவிடும்.

நிழலைப் பற்றியும் இதே கவனம் வேண்டும். இழுவை மாடுகளையும் பொதி விலங்குகளையும் பற்றிய 1965ஆம் ஆண்டு விதிகள், ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலும், இடையில் ஓய்வின்றி 5 மணி நேரத்துக்கு மேலும் அவற்றை வேலை வாங்கக் கூடாது என்றும், வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் பூட்டக் கூடாது என்றும் சொல்கின்றன. காலுக்கடியில் குறுகிக் கிடக்கும் நிழலை வைத்தே இந்த மீறலைக் காட்டிவிட முடியும். மாணவி அதைச் செய்திருக்கிறார். திறந்த வாயும் வடியும் எச்சிலும் வெப்பத்தில் வாடும் மாட்டின் அடையாளங்கள்; எச்சில் இழைக்கு வெள்ளைச் சாக் பென்சில் அருமையாக உதவியிருக்கிறது.

ஆனால் அந்த வெள்ளை நிலைக்கவில்லை. கரி உதிராமலிருக்கத் தனியே வாங்கித் தெளித்த திரவம் காய்ந்த பிறகு, எச்சிலின் வெள்ளையும் கண்ணின் ஓரத்திலிருந்த சிறு ஒளியும் தாளுக்குள் அமிழ்ந்து மங்கிவிட்டன. சாக்கின் மேல் தெளிப்பான் பட்டால் பொதுவாகவே இப்படித்தான் ஆகும் என்றாலும், இந்தத் தெளிப்பான் சொட்டுச் சொட்டாகவும் விழுந்திருக்கிறது. கருமையைத் தொலைவிலிருந்து மெல்லிய படலங்களாகத் தெளித்து நிறுத்தியபின், வெள்ளையைக் கடைசியாக இட்டு, அதன்மேல் எதுவும் தெளிக்காமல் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைப்பதே சரியான வழி.

பெட்டியில் எனக்கு மிகவும் ஏமாற்றம் அளித்தது தாள்தான். கண்ணைச் சுற்றிச் சில முறை அழித்ததிலேயே மேல்பரப்பு பஞ்சாகிவிட்டது. அதன்பின் கரி பிடிக்கவில்லை. வலியிலிருக்கும் மாட்டின் கண்ணோரத் தசை இறுகும், காது பின்னுக்குச் சாயும். இந்த நுட்பங்கள் ஒரே முயற்சியில் அமைவதில்லை, பலமுறை திருத்தித்தான் வரும். திருத்தத்தைத் தாங்காத தாளில் இந்தக் கருப்பொருளை வரைய முடியாது.

பயிற்சியில் பழகிய பொருள்களைக் கைவிடத் தயங்குபவர்களிடம் நான் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய ஓவியர் வில்லியம் ஹோகார்த்தைப் பற்றிச் சொல்வதுண்டு. ‘கொடுமையின் நான்கு நிலைகள்’ என்ற அச்சுப்பட வரிசையில், தெருவில் நாயை வதைக்கும் சிறுவன் பிறகு குதிரையை அடிக்கும் வண்டிக்காரனாகி, கொலையில் போய் முடிகிறான். எளிய மக்களும் வாங்கும் விலையில் தர வேண்டும் என்பதற்காக ஹோகார்த் அதை மரக்கட்டை அச்சில் கொண்டுவர எண்ணினார். ஜான் பெல் என்ற செதுக்குநர் 1750இல் கடைசி இரண்டு படங்களைச் செதுக்கியும் முடித்தார். செலவு கூடியதால் ஹோகார்த் அந்த வழியை விட்டுவிட்டு, 1751இல் நான்கையும் செப்புத் தகட்டில் வெளியிட்டார். பொருளை மாற்றிய பிறகும் நுணுக்கமான அழகை நாடாமல், தடித்த, நேரடியான கோடுகளையே அவர் வைத்துக்கொண்டார். லண்டன் தெருக்களில் விலங்குகள் படும் பாட்டைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கத்துக்கு அந்தக் கோடுதான் ஏற்றதாக இருந்தது.

பயிற்சிக்காக இந்தப் பெட்டியைத் தாராளமாக வாங்கலாம். வில்லோ கரிக்கும் அழிப்பானுக்குமே கொடுத்த பணம் தகும். இறுதிப் படத்துக்கு வேண்டியவை கனமான, சொரசொரப்பான சாம்பல் தாளும், கடினமும் மென்மையுமாக இரண்டு கரிப் பென்சில்களும், வேறொரு தெளிப்பானும். அளவை ஏ2 ஆக்கி, வண்டியின் பின்பகுதியை ஓரத்தில் வெட்டிவிட்டு, இடப்பக்கக் காளையின் கழுத்தைத் தாளின் நடுவுக்குக் கொண்டுவருமாறு மாணவியிடம் சொல்லியிருக்கிறேன். புதிய தாள் வந்ததும் கழுத்தையும் கயிற்றையும் மட்டும் தனியாக ஒருமுறை வரைந்து பார்த்துவிட்டு அவர் தொடங்குவார்.