பரங்கியரைச் சபித்துக்கொண்டே நட்பு பாராட்டியவர்: உஸாமாவின் நினைவுக் குறிப்புகள்

சிலுவைப்போரை முஸ்லிம்கள் பக்கத்திலிருந்து படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் கைகாட்டுவார்கள். உஸாமா இப்னு முன்கித்தின் 'கிதாபுல் இஃதிபார்'. நான் படித்தது பால் காப் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பெங்குயின் பதிப்பு (2008). சிரியாவின் ஷைஸர் கோட்டையை ஆண்ட குடும்பத்தில் 1095இல் பிறந்தவர், தொண்ணூறை ஒட்டிய வயதில் ஞாபகத்துக்கு வந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார்.

ஞாபகத்துக்கு வந்த வரிசையிலேயே! போரிலிருந்து சிங்கத்துக்குத் தாவுவார், அங்கிருந்து அம்மாவுக்கு. போதாததற்குக் கைப்பிரதியின் ஆரம்பப் பக்கங்கள் தொலைந்துவிட்டதால் முதல் வரியிலேயே நடுச்சண்டையில் போய் விழுகிறோம்.

எல்லோரும் எடுத்துப் போடுவது வைத்தியர் கதையை. காலில் கட்டி வந்த பரங்கி (ஐரோப்பாவிலிருந்து வந்த சிலுவைப்போர்க்காரர்களை உஸாமா அழைக்கும் பெயர்) வீரனுக்கு உள்ளூர்க் கிறிஸ்தவ வைத்தியர் பத்துப் போட்டுக் கட்டி உடைந்து ஆறிவருகிறது, அங்கே வரும் பரங்கி வைத்தியர், "ஒரு காலோடு வாழ்கிறாயா, இரண்டு காலோடு சாகிறாயா?" என்று கேட்டுக் கோடாரியை வரவழைக்கிறார். இரண்டாவது வெட்டில் மஜ்ஜை வழிந்து ஆள் காலி. சரி, பரங்கியர் மடையர்கள் என்று இதோடு முடித்துவிடுகிறார்கள். ஆனால் அடுத்த கதையிலேயே, ஆறாத கால்புண்ணைக் காடியால் (வினிகர்) கழுவிக் குணமாக்கிய இன்னொரு பரங்கி வைத்தியரையும் உஸாமாவே சொல்கிறார். அதை யாரும் பகிர்வதில்லை!

எனக்கு இந்த முரண்தான் புத்தகமே. பரங்கியர் பெயர் வந்தால் கூடவே ஒரு சாபம் வருகிறது, ஆனால் ஜெருசலேமின் டெம்ப்ளர்கள் (துறவு விரதம் பூண்ட கிறிஸ்தவப் போர்வீரர்கள்) 'என் நண்பர்கள்'. அவர்கள் ஒழித்துக் கொடுத்த இடத்தில் தொழும்போது பரங்கி ஒருவன் பாய்ந்து இவர் முகத்தைக் கிறிஸ்தவர்கள் தொழும் திசையான கிழக்கே திருப்புகிறான். டெம்ப்ளர்கள் அவனை இழுத்துப் போட, அவர்கள் அசந்த நேரம் பார்த்து மறுபடியும் வந்து திருப்புகிறான். கடைசியில் அவனை வெளியே தள்ளிவிட்டு, ஊருக்குப் புதிது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். இன்னொரு பரங்கி நண்பர், உங்கள் மகனை எங்கள் நாட்டுக்கு அனுப்புங்கள், அறிவும் வீரமும் கற்றுவரட்டும் என்கிறார். பையன் கைதியாகப் போனால்கூட இதைவிட மோசமில்லை என்று மனதில் நினைத்துக்கொண்டு, பாட்டி விடமாட்டாள் என்று நாசூக்காகக் கழன்றுகொள்கிறார் மனிதர்.

எல்லாவற்றையும் அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆள் தேர்ந்த கதைசொல்லி. பொதுக் குளியல்கூடத்தில் பரங்கியர் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றிய கதையெல்லாம் ஊரில் சுற்றிய நகைச்சுவை மாதிரிதான் இருக்கிறது. ஆனால் எகிப்திலிருந்து குடும்பம் வந்த கப்பலை, பாதுகாப்பு உறுதி கொடுத்த பரங்கி அரசனே அக்கா (Acre) துறைமுகத்தில் கொள்ளையடித்ததையும், தன் 4,000 புத்தகங்கள் போனதையும் சொல்லும் இடத்தில் விளையாட்டு துளியும் இல்லை.

கடைசியில் வரும் வேட்டைப் பகுதி, ராஜாளி மேல் ஆசை உள்ளவர்களுக்கு. நான் புரட்டிவிட்டேன். பரங்கியர் பற்றிய பக்கங்களை முதலில் படித்துப் பாருங்கள், பிடித்தால் ஆரம்பத்துக்குப் போங்கள்.