620 டாலர் போச்சு: வெப் டெவலப்பர்களே, ‘மென்டர்’ விற்கும் தளங்களிடம் ஜாக்கிரதை

கோபம் தணிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். தணிந்துவிட்டால் ‘போனது போகட்டும்’ என்று நானே சமாதானம் ஆகிவிடுவேன். அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். இன்று காலை ஒரு மின்னஞ்சல் வந்தது: ‘உங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது.’ எந்தக் கோரிக்கை? என் 620 டாலரைத் திருப்பிக் கொடுங்கள் என்ற கோரிக்கை. முடித்து வைத்துவிட்டார்களாம்.

தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த வகைத் தளங்கள் ஒரு பெயர் கெட்டால் இன்னொரு பெயரில், புது லோகோவோடு வந்து நிற்கும். எப்படிப்பட்ட இடம் என்று மட்டும் சொல்கிறேன்: வெப் டெவலப்பர்களுக்கான கட்டணக் கற்றல் தளம். வீடியோ பாடங்கள், ‘சீனியர்கள் பயன்படுத்தும்’ டூல்ஸ் தொகுப்பு, தனி மென்டர் (வழிகாட்டி), செய்த வேலைகளைக் காட்டும் போர்ட்ஃபோலியோ, கடைசியில் வேலை உத்தரவாதம். எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ், 620 டாலர், முழுத் தொகையும் முன்கூட்டியே. எந்த டூல் உருப்படியானது, எதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பதையும் இதே பதிவில் விரிவாக எழுதத்தான் நினைத்தேன். பொறுமை எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்ப்போம்.

ஏன் நம்பினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பொறி அங்கேதான் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் ஒரு இலவச வீடியோ கால். யாராவது விற்பனை ஆள் வந்து ‘உங்கள் வாழ்க்கையே மாறும்’ என்று அளப்பார் என்று எதிர்பார்த்தேன். வந்தவர் ஒரு டெவலப்பர். அளக்கவே இல்லை. ‘நீங்கள் செய்த சைட் ஏதாவது இருந்தால் லிங்க் கொடுங்களேன்’ என்றார். கொடுத்தேன். திரையைப் பகிர்ந்து, குரோமில் பக்கத்தின் உள்விவரங்களைக் காட்டும் டெவ்டூல்ஸைத் திறந்தார். நெட்வொர்க் டேபில் ஃபைல்களை அளவு வாரியாக வரிசைப்படுத்தினார். என் முகப்புப் படம் 4 எம்பிக்கு மேல் கனத்தோடு உச்சியில் வந்து நின்றது. ‘போனில் 400 பிக்சல் அகலத்தில் தெரிகிற படம் இது’ என்று சிரித்தார். அந்த இமேஜ் டேகில் அகலமும் உயரமும் குறிப்பிடாததால், படம் வந்து சேரும்போது கீழே உள்ள எழுத்தெல்லாம் துள்ளிக் குதிப்பதை நெட்வொர்க் வேகத்தைக் குறைத்து ஓட்டிக் காட்டினார். அப்புறம் பெர்ஃபார்மன்ஸ் பேனலுக்குப் போய் என் மெனு பட்டனை ஒரு தடவை அழுத்தினார். ஐஎன்பி, அதாவது அழுத்தியதில் இருந்து திரையில் மாற்றம் தெரியும் வரை ஆகும் நேரம், சிவப்பில் வந்தது. ‘200 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு 600ஐத் தாண்டுகிறது. மெனு திறக்கும்போது முழுப் பட்டியலும் மறுபடி ரெண்டர் ஆகிறது, அதனால்தான்.’

அத்தனையும் உண்மை. அவர் சொன்னபடி திருத்தியதும் சைட் பறந்தது. இப்படி ஒருவர் வாராவாரம் என் கோடிங்கைப் பார்ப்பார் என்றால் 620 டாலர் பெரிதாகவே தெரியவில்லை. ‘நீங்கள்தான் என் மென்டராக இருப்பீர்களா?’ என்று வாய்விட்டே கேட்டேன். ‘எங்கள் டீமில் இருந்து ஒருவர் இருப்பார்’ என்றார். என்ன ஒரு பதில்! பொய் என்று பிடிக்கவும் முடியாது, மெய் என்று கொள்ளவும் முடியாது.

பணம் கட்டிய பிறகு அந்த மனிதரை நான் பார்க்கவே இல்லை.

முதல் பாடத்தோடு கொடுத்த ஸ்டார்ட்டர் ப்ராஜெக்டை இறக்கி, அதை ஓட்டும் என்பிஎம் ஸ்டார்ட் கட்டளையைக் கொடுத்ததுமே டெர்மினலில் எர்ரர்: ‘டிஜிட்டல் என்வலப் ரூட்டீன்ஸ், அன்சப்போர்ட்டட்.’ கொஞ்ச காலம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைப் பார்த்ததும் சிரிப்பு வரும். ஃபைல்களைக் கட்டிச் சேர்க்கும் வெப்பேக் என்ற டூலின் பழைய 4ஆம் பதிப்பில் ப்ராஜெக்ட் நிற்கிறது. அது பயன்படுத்தும் எம்டி4 என்ற பழைய ஹாஷ் முறையை, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் 17ஓடு வந்த ஓபன்எஸ்எஸ்எல் 3 என்ற குறியாக்க லைப்ரரி ஏற்காது. நோட் 17 வெளியானது 2021 அக்டோபரில். அதற்கப்புறம் அந்தத் தளத்தில் ஒருவர்கூட தங்கள் சொந்த ப்ராஜெக்டை ஓட்டிப் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்? சப்போர்ட்டில் கேட்டேன். பழைய முறைகளை மறுபடி அனுமதிக்கும் லெகஸி ப்ரொவைடரை ஆன் செய்யும் ஒரு வரியை ஒட்டி அனுப்பினார்கள். எர்ரர் ஏன் வருகிறது, அந்த வரி என்ன செய்கிறது, எதுவும் இல்லை. இதைத் தேடினால் முதல் பக்கத்திலேயே கிடைக்கும்.

போகப் போகத்தான் முழு லட்சணமும் தெரிந்தது. ரியாக்ட் லைப்ரரியில் புது ப்ராஜெக்ட் தொடங்க உதவும் டூலான கிரியேட் ரியாக்ட் ஆப்புக்கு ஒரு முழு அத்தியாயம். ரியாக்ட் குழுவே 2025 பிப்ரவரியில் அதற்கு விடை கொடுத்துவிட்டது. ஃப்ரேம்வொர்க் ஒன்றையோ, வீட் மாதிரி பில்ட் டூலையோ எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. ரியாக்ட் 19இல் நீக்கிவிட்ட ரியாக்ட் டாம் ரெண்டர் என்ற கட்டளையை இவர்கள் இன்னும் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பெர்ஃபார்மன்ஸ் பாடம்தான் உச்சம். அதில் வருவது எஃப்ஐடி, முதல் அழுத்தலுக்கு பிரவுசர் வேலை தொடங்கும் வரை ஆகும் தாமதத்தை மட்டும் அளக்கும் பழைய அளவுகோல். சைட்டின் தரத்தை அளக்கும் கோர் வெப் வைட்டல்ஸ் பட்டியலில் இருந்து எஃப்ஐடியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஐஎன்பியை கூகுள் வைத்தது 2024 மார்ச்சில். இலவசக் காலில் என் சைட்டில் ஐஎன்பி அளந்து காட்டிய அதே இடம், 620 டாலரை வாங்கிப் போட்டுக்கொண்டு எஃப்ஐடி பாடம் நடத்துகிறது! காட்டிய சரக்கு ஒன்று, கட்டிக் கொடுத்த சரக்கு வேறு.

டூல்ஸ் தொகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பிடிஎஃப். கோடிங்கில் தவறு காட்டும் ஈஎஸ்லிண்ட், அதைச் சீராக அடுக்கும் ப்ரெட்டியர், குரோமுக்குள்ளேயே இருந்து சைட்டைச் சோதிக்கும் லைட்ஹவுஸ், எல்லாம் இலவசம். தேதிகளைக் கையாள மொமென்ட் ஜேஎஸ். 2020இலேயே ‘புதிய ப்ராஜெக்டுகளுக்கு எங்களை எடுக்காதீர்கள்’ என்று அதைச் செய்தவர்களே சொல்லிவிட்ட லைப்ரரி அது.

மென்டர் என்பவர் ஒரு சாட் பெட்டி. முகமும் கிடையாது, குரலும் கிடையாது. வேண்டுமென்றே ஒரு தடவை ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட இல்லாத, வெறும் எச்டிஎம்எல் பக்கத்தை அனுப்பினேன். வந்த ரிவ்யூ: ‘நல்ல முயற்சி! வேரியபிள் பெயர்கள் இன்னும் தெளிவாக இருக்கலாம்.’ எந்த வேரியபிள்? திருப்பிக் கேட்டேன். ‘உங்கள் கற்றல் ஆர்வத்தைப் பாராட்டுகிறோம்’ என்று ஒரு ராக்கெட் எமோஜி.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். போர்ட்ஃபோலியோ விஷயத்தில்தான் தலையில் மண்ணை அள்ளிப் போட்டார்கள். நம் கோடிங்கைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் கணக்கைத் தளத்தில் இணைக்கச் சொல்வார்கள். அந்த அனுமதியை வைத்து, ‘முடித்த ப்ராஜெக்ட்’ என்று ஒரு ஆன்லைன் கடையின் ரெப்போவை (ப்ராஜெக்ட் ஃபைல்களின் தொகுப்பை) என் கணக்கில் அவர்களே ஏற்றிவிட்டார்கள். ஒரே ஒரு கமிட், அதாவது மாற்றங்களைச் சேமித்த ஒரே பதிவு, எல்லா ஃபைலும் அதற்குள். இண்டர்வியூவில் அதைத் திறந்த பெண்மணி கமிட் வரலாற்றைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ப்ராஜெக்டின் விவரங்கள் இருக்கும் பேக்கேஜ் ஜேசன் ஃபைலைத் திறந்தார். ‘ஆத்தர் என்று வேறொருவர் பெயர் இருக்கிறதே, உங்களுக்குத் தெரிந்தவரா?’ என்று கேட்டார். தெரியாது. எனக்கு முன்னால் 620 டாலர் கட்டிய யாரோ ஒருவராகத்தான் இருக்கும். ‘இதே கடையை இன்னொரு விண்ணப்பத்திலும் பார்த்தேன்’ என்று மரியாதையாகவே சொன்னார். அந்த மரியாதைதான் இன்னும் எரிகிறது. நானே எழுதிய, ஐஎன்பி திருத்திய அந்தப் பழைய சைட் பட்டியலில் கீழே கிடந்தது. அதை அவர் திறக்கவே இல்லை.

அன்றே ரீஃபண்ட் கேட்டேன். முதலில் ‘உங்கள் வருத்தத்தைப் புரிந்துகொள்கிறோம்.’ அப்புறம் ‘சம்பந்தப்பட்ட குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம்.’ அந்தக் குழு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அடுத்து வந்தவர் புதிய ஆள், எல்லாவற்றையும் முதலில் இருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். பதில்: ‘பாடங்களில் 20 சதவீதத்துக்கு மேல் பார்த்துவிட்டீர்கள், விதிப்படி ரீஃபண்ட் இல்லை.’ பார்க்காமல் பாடம் பழசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது, அதையும் பார்த்த கணக்கில் சேர்க்கிறார்கள். சரி, வேலை உத்தரவாதம் என்ன ஆயிற்று என்றேன். ‘நாங்கள் உத்தரவாதம் என்று எங்கும் சொல்லவில்லை, பரிந்துரை உதவி என்றுதான் சொல்கிறோம்.’ பக்கத்தைப் போய்ப் பார்த்தால், ஆமாம், வார்த்தையை மாற்றியிருக்கிறார்கள். பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் இண்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய பக்கம் அப்படியே இருந்தது, கொட்டை எழுத்தில் ‘வேலை உத்தரவாதம்’. அந்த லிங்கை அனுப்பினேன். அதற்குப் பதில்தான் இன்று காலை வந்த ‘முடித்து வைக்கப்பட்டது.’ 620 டாலர், ஒரு வரியில் முடிந்தது.

டூல்ஸ் பற்றி விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். மன்னிக்கவும், இப்போது அதற்கு மனசு இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: டெமோவில் வருகிறவர்தான் சொல்லித்தருவாரா என்று எழுத்தில் கேளுங்கள், மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் கட்டுவதற்கு முன் ஸ்டார்ட்டர் ப்ராஜெக்டின் பேக்கேஜ் ஜேசனைக் காட்டச் சொல்லுங்கள், வெர்ஷன் எண்களே எல்லாவற்றையும் சொல்லிவிடும். விற்பனைப் பக்கத்தை அன்றே வேபேக் மெஷினில் சேமியுங்கள். எம்டிஎன், ஃப்ரீகோட்கேம்ப், தி ஓடின் ப்ராஜெக்ட் என்ற கற்றல் தளங்கள் மூன்றும் இலவசம், முதலில் அங்கே போங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் டிஸ்ப்யூட், அதாவது பணத்தைத் திரும்பக் கேட்கும் புகார், போடலாம், அதற்குக் காலக்கெடு உண்டு, சப்போர்ட் ஆட்களின் ‘காத்திருங்கள்’ எல்லாம் அந்தக் கெடுவைத் தின்னத்தான். நான் இன்று போட்டிருக்கிறேன்.

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் முன்னால். இப்படி ஒரு தளத்தில் கிட்ஹப்பை இணைத்திருந்தால் என்ன அனுமதி கொடுத்தீர்கள் என்று பாருங்கள். இவர்கள் வாங்கிவைத்திருந்தது என் பிரைவேட் ரெப்போக்கள் உட்பட எல்லாவற்றிலும் எழுதும் உரிமை. செட்டிங்ஸ், அப்ளிகேஷன்ஸ், ஆத்தரைஸ்டு ஓஆத் ஆப்ஸ், அவர்கள் பெயருக்கு நேரே ரிவோக் அழுத்தி அனுமதியை ரத்து செய்யுங்கள். ரீஃபண்ட் சண்டையை அதற்கப்புறம் போடலாம்.