மவுசாக்கலையின் அடியில்: எஃப்எஸ்கேயா, ஓஎஃப்டிஎம்மா?

இலங்கையின் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் ஒரு வெப்பமானி. அதன் அளவு மணிக்கு ஒரு தடவை, 300 மீட்டர் தள்ளி நிற்கும் தெப்பத்துக்கு வந்து சேர வேண்டும். வைஃபை தண்ணீருக்குள் ஒரு முழம் போவதற்குள் அடங்கிவிடும், ஆகவே ஒலிதான். ஒலியில் தகவலை ஏற்றும் முறைகளில் முதலில் ஓஎஃப்டிஎம் போட்டேன், பிறகு எஃப்எஸ்கேக்கு மாறினேன். இனித் திரும்பிப் போவதாக இல்லை.

வேகத்தில் ஓஎஃப்டிஎம்தான் ராஜா. பல சுருதிகளில் ஒரே நேரத்தில் தகவலை ஏற்றும். எஃப்எஸ்கேயில் ஒரு சுருதி 0, இன்னொன்று 1, அவ்வளவுதான். என்னுடையது நொடிக்கு 40 பிட். ஒரு வெப்பநிலை அளவுக்கு அது தாராளம்.

என்னை மாற வைத்தது எதிரொலி. தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1480 மீட்டர் ஓடும். நேரே வருவதற்குப் பின்னால், மேற்பரப்பிலும் அடியிலும் மோதிய ஒலியும் வந்து சேரும். பங்குனியில், அணை கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில்கள் தலைகாட்டும் வறட்சிக் காலத்தில், நான் இறக்கிய இடத்தில் ஆழம் 15 மீட்டர். எதிரொலி 2 மில்லிநொடி பிந்தியது. ஓஎஃப்டிஎம்மில் ஒரு குறியீட்டுக்கும் (ஒரு தடவை அனுப்பும் ஒலித்துண்டு) அடுத்ததற்கும் நடுவில் 4 மில்லிநொடி இடைவெளி விட்டேன், போதுமென்று. ஆடி மழையில் ஆழம் 30 மீட்டர் ஆனது. ஆழம் இரட்டித்தால் பிந்துவது ஏறக்குறைய நாலு மடங்கு: 8 மில்லிநொடி. குறியீட்டின் நீளமே 10 மில்லிநொடி! ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் ஏறியது.

குறியீட்டை நீட்டலாமே என்பீர்கள். தெப்பம் காற்றில் நொடிக்கு அரை மீட்டர் ஆடினாலே 24 கிலோஹேர்ட்ஸ் சுருதி 8 ஹேர்ட்ஸ் பிசகும். அதைத் தாங்கத்தான் சுருதிகளை 100 ஹேர்ட்ஸ் தள்ளி வைத்திருந்தேன். ஓஎஃப்டிஎம்மில் சுருதிகளைத் தள்ளி வைத்தால் குறியீடு குறுகத்தான் செய்யும்.

சரி, இடைவெளியை மாற்றலாம். ஆனால் அது அடியில் கிடக்கும் பெட்டிக்குள் இருக்கிறது. "இந்த மழையிலயா தம்பி?" என்றார் வள்ளக்கார அண்ணன். கயிற்றை இழுத்து, அட்டைக்கடியோடு கரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தால், ரப்பர் வளையத்தில் மணல் துகள். அது ஒன்றே போதும், தண்ணீர் உள்ளே போக.

எஃப்எஸ்கேயில் ஒரு சுருதி 25 மில்லிநொடி நீளம். அடுத்த பிட்டை வேறு சுருதிச் சோடியில் அனுப்புகிறேன். பழைய எதிரொலி வந்தாலும் அங்கே யாரும் கேட்பதில்லை. சுருதிகளுக்கு இடையே 200 ஹேர்ட்ஸ் இருப்பதால் தெப்பம் ஆடினாலும் கவலையில்லை. பற்றரிக்கும் இதமே: ஒலியின் பலம் ஒரே சீராக இருப்பதால் சிக்கனமான பெருக்கியே போதும்.

அலையின் கட்டத்தை மாற்றித் தகவல் ஏற்றும் பிஎஸ்கேயைத் தொட்டியில் மட்டும்தான் ஓட்டினேன், அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். படம் அனுப்ப வேண்டுமென்றால் ஓஎஃப்டிஎம்மை விட்டால் எனக்கும் வழி தெரியாது. அப்படியானால் இடைவெளியைப் பங்குனியில் அளக்காதீர்கள், அணை நிரம்பியிருக்கும்போது அளந்து இறக்குங்கள்.