சலைனா, சிலிகானா: மார்பகச் சீரமைப்புக்கு நான் பார்த்த கணக்கு

புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றிய பிறகு, இம்பிளான்ட் என்கிற செயற்கைப் பையை உள்ளே வைத்துச் சீரமைப்பது என்று முடிவாகிவிட்டால் அடுத்து வரும் கேள்வி இது: உள்ளே இருப்பது சிலிகான் ஜெல்லா, சலைன் என்கிற உப்பு நீரா? சீரமைப்பில் பலரும் சிலிகானைத்தான் எடுக்கிறார்கள். நான் சலைனை எடுத்தேன்.

பார்க்கவும் தொடவும் சிலிகான்தான் மேல். இதில் வாதாட ஒன்றும் இல்லை. மார்பகத்தை எடுத்த இடத்தில் மூடிக்கொள்ளத் தோலும் மெல்லிய கொழுப்பும்தான் மிச்சம் இருக்கும். அதனால் சலைன் பையின் மடிப்புகள் வெளியே தெரிய வாய்ப்பு அதிகம். எனக்கும் குனியும்போது லேசாகத் தெரிகிறது. சலைனில் ஒரு வசதி உண்டு: பையை உள்ளே வைத்த பிறகு வால்வு வழியாக நிரப்புவதால், மறுபக்கத்துக்கு ஏற்றபடி அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது இவை எதுவும் இல்லை. பை கிழிந்தால் என்ன ஆகும் என்பதுதான். எந்த இம்பிளான்டும் ஆயுள் முழுக்க வருவதில்லை. சலைன் பை கிழிந்தால் உடனேயோ சில நாட்களிலோ சுருங்கிவிடும். உப்பு நீரை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சிலிகான் ஜெல் கெட்டியானது. பை கிழிந்தாலும் அதைச் சுற்றி உடம்பு உருவாக்கிய உறைக்குள்ளேயே பெரும்பாலும் தங்கிவிடும். வடிவம் மாறாமல், வலியும் இல்லாமல் இருக்கலாம். அதனால்தான் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2020இல், தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் 5 முதல் 6 ஆண்டுகளில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., அப்புறம் 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை என்று பரிந்துரைத்தது. இம்பிளான்ட் உள்ளே இருக்கும்வரை இது ஓயாது. செலவை யார் ஏற்பது என்பதையும் முன்பே கேட்டுவைக்க வேண்டும்.

புற்றுநோயைக் கடந்து வந்தவர்களுக்கு ஸ்கேன் என்றால் தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் போகும். முடிவு வரும்வரை வேறு எதிலும் மனம் நிற்காது. மற்ற மார்பகத்துக்கான மேமோகிராம் எனக்கு எப்படியும் இருக்கிறது. பை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே இன்னொரு ஸ்கேன் வரிசை எனக்கு வேண்டாம். அந்த நிம்மதிக்காகத் தோலில் தெரியும் மடிப்பை ஏற்றுக்கொள்ள முடிந்தது. பையே சுருங்கிப்போனால் மீண்டும் அறுவை சிகிச்சைதான், அதுவரை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். எனக்கு இதுவரை அப்படி நேரவில்லை. நேர்ந்த பிறகும் இதே உறுதியோடு பேசுவேனா என்று இப்போது சொல்ல முடியாது.

சிலிகானே உடம்பில் கூடாது என்பதற்காகச் சலைனை நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சலைன் இம்பிளான்டின் வெளி உறையும் சிலிகான்தான்.

மேற்பரப்பு விஷயத்தில் நான் அதிகம் யோசிக்கவில்லை. வழவழப்பான, உருண்டை வடிவம். சொரசொரப்பான வகை லிம்போமா என்கிற நிணநீர் மண்டலப் புற்றுநோயில் ஓர் அரிய வகையோடு தொடர்புடையது. 2019இல் அலர்கன் நிறுவனம் தன் சொரசொரப்பான பயோசெல் வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றது. ஏற்கெனவே அதை வைத்திருப்பவர்கள், தொந்தரவு இல்லையென்றால் எடுத்தே ஆக வேண்டும் என்று எஃப்.டி.ஏ. சொல்லவில்லை. ஆனால் ஆண்டுகள் கழித்துத் திடீரென வீக்கம் வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

எனக்குக் கதிர்வீச்சு சிகிச்சை தேவைப்படவில்லை. அது தேவைப்படுகிறவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கதிர்வீச்சுக்குப் பிறகு, உள்ளே இருப்பது எதுவானாலும், பையைச் சுற்றி உடம்பு உருவாக்கிய உறை இறுகி வலிக்கும் ஆபத்து கூடுகிறது. அவர்கள் சலைனா சிலிகானா என்பதற்கு முன்பே, வயிற்றுத் திசுவைக் கொண்டு சீரமைக்கும் வழியைப் பற்றியும் அறுவை சிகிச்சை நிபுணரிடம் பேசிவிடுவது நல்லது.