“உடம்பில் இருப்பதுதானே” என்று சொல்லிப் போட்ட ஊசி

குண்டு எறிதல் வீரனான என் மகனுக்கு 20 வயது. ஊக்கமருந்துத் தடையால் 3 ஆண்டுகளுக்கு அவன் எந்தப் போட்டியிலும் இறங்க முடியாது. ஒரு தனியார் பயிற்சியாளரை நம்பிக் கெட்டோம். பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவைக்கும் பெற்றோர் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

வாரம் ஒரு ஊசி, 700 ரூபாய், ரொக்கமாக. பையனிடம் “சத்து ஊசி” என்று சொல்லியிருக்கிறார். நான்கு மாதத்தில் தூரம் கூடியது உண்மை. கூடவே முதுகு முழுக்கப் பருக்கள், தொட்டதற்கெல்லாம் கோபம், மார்பில் வலியோடு ஒரு வீக்கம். நேரில் போய்க் கேட்டேன். “அண்ணே, ஆண்பிள்ளை உடம்பில் தானாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன்தான். கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறேன். உடம்பிலேயே இருப்பதை எந்தச் சோதனையில் கண்டுபிடிப்பார்கள்?” என்றார். பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தேன். அன்றைக்கே பையனை அங்கிருந்து அழைத்து வந்திருக்க வேண்டும்.

தேசிய இளையோர் போட்டியில் சிறுநீர் மாதிரி எடுத்தார்கள். சில வாரங்களில், ஊக்கமருந்து சோதனையில் சிக்கிவிட்டான் என்று கடிதம் வந்தது.

அவர் “கொஞ்சம்” என்றாரே, அதன் அளவை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்தான் எங்களுக்குச் சொன்னார். மகனின் பையில் கிடந்த ஒரு குப்பியில் 250 மில்லிகிராம் என்று அச்சாகியிருந்தது. நல்ல உடல்நலமுள்ள ஆணின் உடல் ஒரு நாளில் சுரப்பது 5, 6 மில்லிகிராம் அளவுதான். உடல் ஏறக்குறைய ஒரு மாதத்தில் செய்வதை வாரந்தோறும் ஏற்றியிருக்கிறார்கள். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை அனுப்பினால்தான் விரைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். இரத்தத்தில் ஏற்கெனவே அது நிறைந்திருந்தால் பிட்யூட்டரி அனுப்புவதை நிறுத்திவிடும். விரைகள் வேலையில்லாமல் சுருங்கும், விந்தணு உற்பத்தியும் விழும். மிஞ்சிய டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. மகனின் மார்பு வீங்கியது அதனால்தான். ஊசியை நிறுத்தியபின் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எல்.எச். அடிமட்டத்தில் இருந்தது, டெஸ்டோஸ்டிரோனும் முதியவரின் அளவுக்குக் கீழே. பலருக்குச் சில மாதங்களில் மீளும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும் என்றார் மருத்துவர். 19 வயதுப் பையனை அருகில் உட்காரவைத்துக்கொண்டு அதைக் கேட்டேன்.

கண்டுபிடிக்க முடியாது என்றதும் பொய். விரைகள் டெஸ்டோஸ்டிரோனோடு எபிடெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னொன்றையும் சுரக்கின்றன. பெரும்பாலான ஆண்களின் சிறுநீரில் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். ஊசியில் இருப்பதோ டெஸ்டோஸ்டிரோன் மட்டும். அது ஏற ஏற, விரைகள் ஓய்ந்து எபிடெஸ்டோஸ்டிரோன் இறங்குகிறது. விரைகளின் எந்த ஓய்வு மகனின் உடலைக் கெடுத்ததோ, அதுவேதான் சிறுநீரிலும் காட்டிக்கொடுத்தது. எபிடெஸ்டோஸ்டிரோனைப் போல் டெஸ்டோஸ்டிரோன் எத்தனை மடங்கு என்ற விகிதம் 4-ஐத் தாண்டினால் சந்தேகம். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை முன்பு 6 என்று வைத்திருந்ததை 2005-இல் 4 ஆகக் குறைத்தது. அதன்பின் கார்பன் ஐசோடோப் சோதனை. மருந்து நிறுவனங்கள் இந்த ஹார்மோனை சோயா போன்ற தாவரப் பொருள்களிலிருந்து செய்கின்றன. அதில் கார்பன்-13 என்ற சற்றுக் கனமான கார்பன் வகை கொஞ்சம் குறைவு. உடல் தானே செய்ததா, வெளியிலிருந்து வந்ததா என்பது அதில் தெரிந்துவிடுகிறது. 2014 முதல் ஒவ்வொரு வீரரின் ஸ்டீராய்டு (டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்கள்) அளவுகளையும் தொடர்ச்சியாகப் பதிந்து, அவருடைய பழைய அளவுகளோடே ஒப்பிடுகிறார்கள்.

விசாரணையில் “பயிற்சியாளர்தான் போட்டார்” என்றோம். யார் போட்டிருந்தாலும் தன் உடலுக்குள் போனதற்கு வீரரே பொறுப்பு என்பது விதி. இந்த வகை ஸ்டீராய்டுக்கு முதல் முறையே 4 ஆண்டுத் தடை. குற்றச்சாட்டு வந்த 20 நாள்களுக்குள் ஒப்புக்கொண்டதால் ஓராண்டு குறைந்தது. ஊசி போட்டவருக்கும் விதியில் கடும் தண்டனை உண்டு. ஆனால் எங்களிடம் ரசீது இல்லை, சீட்டு இல்லை, சாட்சி சொல்ல மற்றப் பையன்கள் வரவில்லை.

ஆகவே சொல்கிறேன். பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் மைதானத்தில் யார் ஊசியை எடுத்தாலும் பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். குப்பியையும் அட்டைப் பெட்டியையும் எறியாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் எல்.எச்., டெஸ்டோஸ்டிரோன் இரண்டையும் பரிசோதித்து நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள்.

போன வாரம் அந்த மைதானத்தின் வழியாகப் போனேன். அவர் அங்கேதான் இருக்கிறார். சுற்றிலும் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பையன்கள்.