காரைநகரிலிருந்து தூண்டிலுக்கு ஒரு வள்ளம்

எங்கள் வீட்டில் மீன்பிடிப் பயணத்துக்கு நாள் பார்ப்பது இலகுவான காரியமன்று. நல்லூர்த் திருவிழா முடிந்தால் புரட்டாதிச் சனி வரும், நவராத்திரியும் வரும். தீபாவளி கழிந்த கையோடு கந்தசஷ்டி. விஜயதசமிக்கும் தீபாவளிக்கும் இடையிலுள்ள இருபது நாட்கள்தான் நமக்கு. கடலும் ஏறக்குறைய அந்த நாட்களையே விட்டுத்தருகிறது. வைகாசியில் பிடித்த சோழகம் என்ற தென்மேற்குக் காற்று ஓய்ந்திருக்கும், வாடைக்காற்று இன்னும் ஊன்றியிருக்காது, விடியற்காலையில் நீர் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும்.

ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் என் தங்கையின் மகன், அவனுடைய பதினொரு வயது மகள், என் மைத்துனர், நான் என்று நான்கு பேர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நான்கு மணிக்குப் புறப்பட்டு, காரைநகர்த் தீவுக்குக் கடலை ஊடறுத்துப் போகும் பொன்னாலைத் தாம்போதியைத் தாண்டும்போது கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. படகுக்காரர் தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் தொழில் மீன்பிடி. இடையிடையே ஆட்களை ஏற்றுகிறார், அவ்வளவுதான். இருபத்துமூன்று அடிக் கண்ணாடியிழை வள்ளம், 25 குதிரைவலு எஞ்சின். ஐந்து மணித்தியாலத்துக்கு 24,000 ரூபாய்; எரிபொருள், இரை, கைத்தூண்டில் எல்லாம் அதற்குள் அடக்கம்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். உயிர்காப்பு அங்கிகள் போதிய அளவு இருந்தன, ஆனால் எல்லாம் பெரியவர்களுக்கானவை. பிள்ளைக்கு மாட்டிப் பார்த்தோம். கைகளைத் தூக்கினால் தலைக்கு மேலாகக் கழன்று வந்தது. “கடல் அமைதி, பயமில்லை” என்றார் உதவிக்கு நின்ற இளைஞர். நான் ஏற மறுத்துவிட்டேன். இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தபின் யாரோ உறவினர் வீட்டிலிருந்து சிறிய அங்கி ஒன்று வந்தது. சிறுவர்களோடு போகிறவர்கள் தொலைபேசியில் விலை கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். வள்ளத்தில் நிழலும் இல்லை, மலசலகூடமும் இல்லை. பெண்கள் வருவதானால் அதையும் யோசித்துத்தான் நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

மற்றபடி அந்த மனிதரின் வேலையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கரையோரக் கடலட்டைப் பண்ணைகளின் வேலிகளை விலத்தி, கோவளம் வெளிச்சவீட்டை முதுகுக்குப் பின்னால் வைத்து வடமேற்கே ஓட்டினார். திசைகாட்டும் கருவி இருந்தது, ஆனால் அவர் பார்த்தது கரையைத்தான். வெளிச்சவீடும் ஒற்றைப் பனங்கூடலும் ஒரே கோட்டில் வந்ததும் எஞ்சினை நிறுத்தி நங்கூரக் கல்லை இறக்கினார். ஆறு பாகம், அதாவது முப்பத்தாறு அடி ஆழம். பாக்கு நீரிணை முழுவதுமே இப்படி ஆழமற்ற கடல்தான்; அடியில் மணலுக்கு நடுவே கற்பாங்கான பார் இருக்கும் இடங்களில்தான் விளைமீனும் கலவாயும் நிற்கும்.

தங்கூசி என்ற நைலோன் நூலில் ஈயம் கட்டி, கணவாய்த் துண்டு குத்தி, அடி தட்டும்வரை விட்டு, ஒரு முழம் மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். சுட்டுவிரலில் நூல் கிடக்க வேண்டும். மீன் முதலில் தட்டும். அப்போது இழுத்தால் இரைதான் போகும். இரண்டாவது முறை நூல் சரிந்து போகும்போது வெட்டி இழுக்க வேண்டும். இதைப் பிள்ளைக்கு அவர் கற்றுக்கொடுத்த விதத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தன் விரலை அவள் விரலின்மேல் வைத்து, “இப்போது இல்லை… இப்போது இல்லை… இப்போது” என்றார். அவள் முதலில் தூக்கியது ஒரு முழ நீள விளைமீன். இருபத்தைந்து வருடமாகப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அந்தப் பொறுமையோடு பாடம் சொல்கிறவர்களை அதிகம் கண்டதில்லை. அடுத்து வந்த கெளிற்றை மட்டும் யாரையும் தொட விடவில்லை. அதன் முள் குத்தினால் கை வீங்கி நோகும் என்று தானே குறட்டால் பிடித்துக் கழற்றினார்.

மருமகன் கனடாவிலிருந்து கொண்டுவந்த கோல் தூண்டிலுக்கும் அவர் இடம் கொடுத்தார். ஆலாப் பறவைகள் மீனுக்காகக் குத்தி விழுந்த இடத்தைச் சுற்றி வள்ளத்தை மெதுவாக ஓட்ட, போலி இரை பின்னால் இழுபட்டு வந்தது. இரண்டு சீலா மீன்கள் கொத்தின. முதலாவது நூலை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. இரண்டாவதற்கு முன்பாகத் தூண்டிலுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டிக் கொடுத்தார். அது உள்ளே வந்தது.

முன்பு இந்தப் பாரில் இன்னும் பெரிய மீன் வரும் என்றார். விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் இழுவைமடி வலை கடலடியை வழித்துக்கொண்டு போகிறது என்பது அவருடைய துயரம். 2017 இல் இலங்கைப் பாராளுமன்றம் அந்த முறையைத் தடைசெய்துவிட்டது. எல்லை தாண்டி வரும் இந்திய விசைப்படகுகள் அதை மதிப்பதில்லை. தன் வலைகளும் இருமுறை அறுபட்டுப் போனதைச் சொன்னபோது அவர் குரல் உயரவில்லை. எனக்குத்தான் நெஞ்சு பதைத்தது.

ஒன்பதே முக்காலுக்கு மீன் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து நங்கூரக் கயிற்றை இழுக்கத் தொடங்கினார். “அண்ணை, இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறதே” என்று மருமகன் கெஞ்சினான். “தம்பி, வடகீழ் மூலையைப் பாருங்கள். மழை விழுந்தால் வெளிச்சவீடு மறைந்துவிடும். பிள்ளையும் இருக்கிறாள்.” எனக்கு அங்கே தெரிந்தது சாம்பல் நிறமான ஒரு கோடு மட்டுமே. நாங்கள் கரையில் கால் வைத்துப் பத்து நிமிடத்துக்குள் மழை கொட்டியது; வெளிச்சவீடு இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. ஐப்பசிக் கடலுக்குப் போகிறவர்கள் இப்படித் திரும்பி வரத் தெரிந்தவரையே தேட வேண்டும். எத்தனை மீன் பிடித்துத் தருவார் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

ஐஸ் நீங்களே கொண்டுபோங்கள். அவருடைய பெட்டியில் இருந்தது எட்டு மணிக்கே உருகிவிட்டது. மீனை வெட்டித் துப்புரவாக்கித் தருவதற்கு அவர் தனியாகக் காசு வாங்கவில்லை. குறைந்த நேரத்துக்கென்று 4,000 ரூபாயைத் திருப்பித் தந்தார், நாங்கள் கேட்காமலே. விளைமீன் தலைகளும் சீலாவும் அன்று மாலையே, பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற் கூழுக்குள் போயின. பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை போட்டு என் மனைவி காய்ச்சினாள். பிள்ளை மூன்றாவது பிளா (பனையோலைக் கிண்ணம்) கேட்டாள்.

வியாழக்கிழமை மறுபடியும் போகிறோம். சிறுவருக்கான அங்கி ஒன்றை வாங்கி வைத்திருப்பதாக நேற்று அவரே அழைத்துச் சொன்னார்.